முல்லைத்தீவுக் கடலோரம் வீடெடுத்துத் தங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு என்று முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய் வரை போகும் கரையோர வீதியில் இப்போது நாலைந்து நாள் தங்க வீடு கிடைக்கிறது. ஓட்டு வீடும் இருக்கிறது, ஓலைக் கொட்டிலும் இருக்கிறது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் கேட்கிற சந்தேகங்கள் அனேகமாக ஒன்றேதான். கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறோம்.

எந்த மாசம் வந்தா நல்லம்? பிள்ளையளின்ர டிசம்பர் லீவுக்கு வரலாமோ?

கடலில் இறங்கிக் குளிப்பதுதான் நோக்கம் என்றால் சித்திரை தொடக்கம் ஆவணி வரை. அந்த மாதங்களில் தெற்கிலிருந்து வரும் சோளகமும் மேற்கிலிருந்து வரும் கச்சானும் தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசும், கரையோரம் அலை படிந்து கிடக்கும். வெயிலும் கச்சான் சூடும் கடுமை, அதைத் தாங்கத்தான் வேண்டும். ஐப்பசியில் காற்றுத் திரும்பி, வடக்கிலிருந்து வரும் வாடை எழும்பினால் தை நடுப்பகுதி வரை கடல் குழம்பிக்கொண்டே இருக்கும். பல நாட்கள் வள்ளங்களே இறங்காது.

டிசம்பரில் வரலாம், ஆனால் கடலுக்காக வராதீர்கள். குளங்கள் நிரம்பி வான் பாயும், வயல் பச்சையாக நிற்கும், களப்பில் வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும். வெள்ளமும் புயலும் அதே மாதங்களில்தான் வரும் என்பதால் முற்பணம் கட்டும்போதே நாள் மாற்ற முடியுமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால் பங்குனியைச் சொல்லுவோம். அரிவு வெட்டு முடிந்திருக்கும், பறவைகள் முழுக்கப் போயிருக்காது, கடலும் அடங்கத் தொடங்கியிருக்கும், வீட்டு வாடகையும் சித்திரை லீவு அளவுக்கு ஏறியிருக்காது.

எப்பிடி வாறது? ரெயின் இருக்கோ?

முல்லைத்தீவுக்கு ரெயின் இல்லை. வடக்குப் பாதை ரெயினில் மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஏ34, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக ஏ35, இரண்டும் சுமார் 50 கிலோமீற்றர். பரந்தன் பாதையில் வந்தால் நந்திக்கடலின் வாயில் வட்டுவாகல் பாலத்தைக் கடக்க வேண்டும். மாரியில் தண்ணீர் பாலத்துக்கு மேலால் பாய்கிற நாட்கள் உண்டு. அந்த நாட்களில் மாங்குளம் பாதைதான்.

எந்தப் பாதையானாலும் பொழுதுபட முன் வந்து சேருங்கள். காட்டோரப் பகுதிகளில் பின்னேரம் யானை வீதிக்கு ஏறும். காரில் இருப்பவர் தூரத்திலேயே நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, அது கடக்கும் வரை பொறுத்திருக்கலாம். மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அந்த வசதி இல்லை.

மன்னாரும் வன்னிதானே. அங்க போறதோ, இங்க வாறதோ?

காற்றுத்தான் முடிவு செய்யும். சோளக காலத்தில் மன்னார்க் கரை நேரே காற்றை வாங்கும், முல்லைத்தீவு மறைவில் இருக்கும். வாடையில் மறுவளம். ஆடி, ஆவணியில் கடல் குளிப்புக்கு இங்கே வாருங்கள். தை, மாசியில் மன்னாருக்குப் போய் வங்காலைப் பக்கம் பூநாரை பாருங்கள். ஓகஸ்ட் 15ஆம் திகதியை ஒட்டி மடு மாதா திருவிழா, அப்போது அந்தப் பக்கம் முழுக்கச் சனம்.

வீட்டில என்ன இருக்கும், நாங்கள் என்ன கொண்டு வரவேணும்?

பாய் தலையணை, சட்டி பானை, விறகடுப்பு அல்லது காஸ் அடுப்பு, கிணறு. இவ்வளவும் எல்லா இடமும் இருக்கும். நுளம்புவலை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், இல்லாவிட்டால் கொண்டு வாருங்கள். ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறோம் என்பது கீழே பாம்புக் கேள்வியில் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு ரோச் லைற், வழக்கமாகக் குடிக்கும் மருந்து முழு நாளுக்கும் கணக்காக, அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் பிரதி, கொஞ்சம் காசு. வங்கி இயந்திரம் முல்லைத்தீவு நகரில் இருக்கிறது, கிராமத்துக் கடையில் அட்டை செல்லாது. குடிதண்ணீர் பெரிய கேனில் வாங்கி வைத்துவிடுங்கள்.

விறகடுப்பு பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று. பன்னாடையும் காய்ந்த தென்னோலையும் பற்றவைக்க மட்டும். அவை குப்பென்று எரிந்து அணைந்துவிடும். நின்று எரிய பொச்சுமட்டையும் (தேங்காய் உரிமட்டை) கொக்காரையும் வேண்டும். முதல் நாள் மழையில் நனைந்த பொச்சு புகை மட்டும்தான் தரும், அதனால் வந்ததும் ஒரு கடகம் பொச்சை உள்ளே எடுத்துப் போடுங்கள்.

கிணத்துத் தண்ணி முதல் நாள் நல்லா இருந்தது, மூண்டாம் நாள் உவர்க்குது. ஏன்?

மோட்டரை நீண்ட நேரம் ஓடவிட்டிருப்பீர்கள். கடற்கரை மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் ஒரு தட்டுப் போல உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம்தான் பாரம் கூட. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு பல மடங்கு மேலெழும்பும்.

ஆறு பேர் வாளியால் அள்ளிக் குளித்தால் கிணறு தாங்கும். மோட்டர் போடுவதென்றால் 10 நிமிடத்தில் தொட்டியை நிரப்பி நிறுத்துங்கள், அடுத்தது பின்னேரம். உவர்த்துவிட்டால் ஓர் இரவும் பகலும் கிணற்றைத் தொடாமல் விட்டால் சிறு உவர் இறங்கும். ஆடி, ஆவணியில் கிணறு ஏற்கனவே வற்றியிருக்கும் என்பதால் இன்னும் கவனம். கார் கழுவ இந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுக் கிணறும் அதே தட்டில்தான் இருக்கிறது.

கடல் அமைதியாத்தானே கிடக்கு. எங்க வேணுமெண்டாலும் இறங்கலாமோ?

இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எங்கே குளிக்கிறார்களோ அங்கே மட்டும் இறங்குங்கள். கிராமத்துக் கரையில் உயிர்காப்பாளர் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு முன் நல்ல நேரம், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

மூன்று இடங்களில் ஒருபோதும் வேண்டாம். முதலாவது, களப்பு கடலோடு சேரும் வாய். நாயாறு, கொக்கிளாய், வட்டுவாகல் மூன்றிலும் அப்படி வாய் இருக்கிறது. கொக்குத்தொடுவாய் என்ற ஊர்ப் பெயருக்குள்ளேயே அந்தச் சொல் நிற்கிறது. மேலே குளம்போலத் தெரியும், அடியில் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். மாரியில் மணல் திட்டு உடைந்த பின் கரையே காலடியில் இடிந்து விழும். இரண்டாவது, இரு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல் கறுப்பாகத் தெரிகிற பாதை. தெரியாதவருக்கு அதுதான் அமைதியான இடமாகப் படும். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி ஓடுகிற வாய்க்கால் அது. மாட்டுப்பட்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல், கரைக்குச் சமாந்தரமாக ஒரு பக்கம் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் அலையோடு திரும்புங்கள். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கை காட்டுங்கள். மூன்றாவது, வலை இழுக்கிற இடம்.

காற்றடைத்த ரியூப்பும் மெத்தையும் கொண்டு வருகிறவர்களுக்கு: முதல் பதிலில் சொன்ன கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. பிள்ளை ஏறிய ரியூப்பை அது சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும், கரையில் நிற்பவருக்குப் பிள்ளை விளையாடுவது போலத்தான் இருக்கும். வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வத்து, பெருக்குப் பாத்துப் போக வேணுமோ?

தேவையில்லை. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றருக்கும் குறைந்த வித்தியாசம்தான். காற்றைப் பாருங்கள், போதும்.

சொறி பட்டா என்ன செய்யிறது? திருக்கை குத்தினா?

சொறி (ஜெலிமீன்) பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரால் கழுவாதீர்கள். இரண்டும் தோலில் ஒட்டியிருக்கும் மிச்ச நஞ்சுப் பைகளை வெடிக்கவைக்கும். கடல் தண்ணீரை ஊற்றி, ஒட்டியிருக்கும் நூலைக் குச்சியால் எடுத்து, பிறகு தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் 20 நிமிடம் வைத்திருங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேரே வைத்தியசாலை.

திருக்கை களப்பில்தான் கூட. கலங்கிய ஆழமில்லாத தண்ணீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், மிதித்தால் வாலால் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் நிலத்தோடு இழுத்து இழுத்து நடந்தால் அது முன்னமே விலகி ஓடிவிடும். குத்திவிட்டால் காலைச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் வரை வைத்தால் வலி அடங்கும். ஆனால் முள்ளுடைந்து உள்ளே நின்றிருக்கலாம், ஏற்பு (ரெற்றனஸ்) ஊசியும் போட வேண்டும், அதனால் வைத்தியரிடம் காட்டாமல் விடக்கூடாது. குத்தியது நெஞ்சிலோ வயிற்றிலோ என்றால் முள்ளைப் பிடுங்காமல் கொண்டு போங்கள்.

கரைவலை இழுக்கிறதப் பாக்கலாமோ? நாங்களும் பிடிச்சு இழுக்கலாமோ?

பார்க்கலாம், கேட்டுவிட்டு இழுக்கவும் செய்யலாம். வாடை காலம் போய்க் கடல் அடங்கினால் காலையில் விடிய முன்னரே வாடியில் (கரையோர மீன்பிடிக் கொட்டிலில்) ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வெளியே போகும், வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மற்ற முனையோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க, முதலில் வெறும் கயிறு, பிறகு அகலக் கண் வலை, பிறகு நெருங்கிய கண், கடைசியில் மீன் சேர்ந்த மடி. இழுக்க இழுக்க இரு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வரும். ஒரு பாடு கரைக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதனால் கடைசி அரை மணிக்கு மட்டும் போனால் பாதியைத்தான் பார்ப்பீர்கள். அம்பா பாடி இழுப்பது இப்போது குறைந்துவிட்டது. வயதான ஒருவர் வரிசையில் நின்றால் சில வேளை கேட்கலாம்.

இழுக்க விரும்பினால் சம்மாட்டியிடமோ (வலையின் சொந்தக்காரர்) கரையில் நின்று ஆட்களை நடத்துகிறவரிடமோ, “அண்ணை, நாங்களும் ஒரு கை பிடிக்கட்டோ?” என்று கேளுங்கள். வரிசையின் வால் பக்கம் விடுவார்கள். கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள், சுருட்டிப் போடும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். அலை வலையைத் திருப்பி இழுக்கும்போது அந்தக் கயிறு ஆளையும் கொண்டுதான் போகும். உப்பில் ஊறிய நைலோன் கயிறு பழகாத உள்ளங்கையைப் பத்து நிமிடத்தில் உரித்துவிடும், ஒரு பழைய துணியைச் சுற்றிப் பிடியுங்கள். மடி கரையைத் தொடும் நேரம் பிள்ளைகளோடு விலகி நில்லுங்கள். கெளுத்தி முள்ளும் சொறியும் திருக்கை வாலும் அதற்குள்தான் துடித்துக்கொண்டிருக்கும்.

வலையை மிதித்துக் கடக்காதீர்கள், செருப்போடு என்றால் கட்டாயம் பேச்சு விழும். இழுத்தவருக்குக் கறிக்குக் கொஞ்சம் மீன் தருவார்கள். தந்ததை வாங்குங்கள், இன்ன மீன் வேண்டும் என்று மடிக்குள் கை நீட்டாதீர்கள். சில நாள் மடியில் சருகும் நாலு காரலும்தான் வரும். அந்த நேரம் போனை உள்ளே வையுங்கள். இருபது பேரின் ஒரு நாள் உழைப்பு அது.

மீன் எங்க வாங்கிறது? வெளியூர் ஆக்கள் எண்டா விலை கூடச் சொல்லுவினமோ?

காலையில் வாடியில் ஏலம் போகும். ஏலத்தில் நீங்கள் கூறத் தேவையில்லை, எடுத்த வியாபாரியிடம் ஒன்றிரண்டு கிலோ கேட்டால் தருவார். விலை கொஞ்சம் கூடச் சொல்லப்படலாம். வீட்டுக்காரரையோ சமையலுக்கு வரும் அக்காவையோ கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பிரச்சினை இல்லை. பூவை (செவுள்) தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அமர்த்தினால் குழி நிற்கக் கூடாது. நண்டு என்றால் உயிரோடு, கையில் எடுத்தால் பாரமாக. பெரிதாக இருந்தும் பாரமில்லாதது அண்மையில் கோது கழற்றியது, உள்ளே தண்ணீர்தான். போயா (பௌர்ணமி) தினத்தில் மீன்கடையும் இறைச்சிக்கடையும் எதிர்பார்க்காமல் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

ஒடியல் கூழ் காய்ச்ச வேணும். போன முறை கைச்சுப்போய் எல்லாத்தையும் ஊத்தினம். என்ன பிழை?

மாவை ஊறவைத்து வடிக்காமல் போட்டிருப்பீர்கள். எட்டுப் பேருக்கு 250 கிராம் ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா) எடுத்து, நாலு மடங்கு தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மா அடியில் படியும், கைப்பு மேல் தண்ணீரோடு நிற்கும். அதை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டு இன்னொரு முறை அப்படியே. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், இன்னும் கைத்தால் மூன்றாம் முறையும் செய்யுங்கள்.

பெரிய பானையில் மூன்று லீற்றர் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைபிடி புழுங்கலரிசி, பாதியாக வெட்டிய பலாக்கொட்டை இருபது, சிறு துண்டாக வெட்டிய மரவள்ளிக் கிழங்கு கால் கிலோ போடுங்கள். அவை அரை அவியலான பிறகு முறித்த பயித்தங்காய் ஒரு பிடி, துப்புரவாக்கிய நண்டு நாலைந்து, சதைப்பிடிப்பான மீனும் மீன்தலையும் அரைக் கிலோ, இறால் கால் கிலோ, மஞ்சள், உப்பு. எல்லாம் அவிந்த பின்தான் மா. வடித்த மாவோடு அரைத்த செத்தல் மிளகாய் பதினைந்தும் எலுமிச்சங்காய் அளவு பழப்புளிக் கரைசலும் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, நெருப்பைக் குறைத்து, ஒருவர் ஊற்ற மற்றவர் துழாவ வேண்டும். மாவை முன்னமே ஊற்றினால் அடிப்பிடித்து முழுப் பானையும் புகை மணக்கும், பிறகு திருத்த வழியில்லை. பத்து நிமிடம் கொதித்துத் தடித்ததும் முருங்கையிலையைத் தூவி இறக்குங்கள். முள் கூடிய சூடையைக் கூழுக்குப் போடாதீர்கள். கூழை உறிஞ்சிக் குடிக்கிறோம், முள் எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது.

கோப்பை வேண்டாம். அகலமான பலா இலையைக் கழுவி, காம்புப் பக்கத்தின் இரு ஓரங்களையும் ஒன்றின் மேல் ஒன்று மடித்து ஓர் ஈர்க்குக் குத்தினால் குழிந்து நிற்கும். கூழ் ஆற ஆற இன்னும் தடிக்கும் என்பதால் சுடுதண்ணீர் கொஞ்சம் பக்கத்தில் இருக்கட்டும்.

களப்புப் பக்கம் பறவை பாக்க எப்ப போறது?

கார்த்திகை முதல் பங்குனி வரை, விடிந்து முதல் இரண்டு மணி நேரம். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் மூன்று களப்பும் வீதிக்கு மேற்குப் பக்கமாகக் கிடக்கின்றன. காலையில் வீதியோரம் நின்று பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். பின்னேரம் போனால் எல்லாம் கறுப்பு நிழல். கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாவும் நாரையும் அனேகமாகக் கிடைக்கும், பூநாரை அதிர்ஷ்டம்.

கிட்டப் போய்ப் படமெடுக்க என்று சேற்றுக்குள் இறங்காதீர்கள். காய்ந்த தோல் போலத் தெரியும் இடத்தில் முழங்கால் வரை புதையும். அதோடு ஒரு பறவை எழும்பினால் கூட்டம் முழுக்க எழும்பும், அந்தக் காலைக்கு அவ்வளவுதான்.

குளத்தில குளிக்கலாமோ? முதலை இருக்கெண்டு சொல்லினம்.

இருக்கிறது. முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களுக்குப் போனால் ஊர்ச்சனம் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும். விடிய முன்னும் பொழுதுபட்ட பின்னும் தண்ணீர் ஓரத்தில் குந்தியிருக்கவும் வேண்டாம். மீன் கழுவிய இடத்திலும் வேண்டாம். துருசுக்கு (மதகு) பக்கத்தில் இறங்கவே கூடாது, திறந்திருந்தால் உள்ளுக்கு இழுக்கும். மாரியில் வான் பாயும்போது தூரத்தில் நின்று பாருங்கள். பாசி படிந்த கட்டில் நின்று படம் எடுப்பவர்தான் வழுக்கி விழுகிறார்.

பிள்ளைகளுக்கு நல்ல இடம் வாய்க்கால். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும் மாதங்களில் இடுப்பளவு தெளிந்த தண்ணீர் ஓடும். வயலுக்கு மருந்தடிக்கும் நாளா என்று மட்டும் கேட்டுவிட்டு இறக்குங்கள்.

பாலைப்பழம் எப்ப கிடைக்கும்? காட்டுக்குள்ள போய்ப் பிடுங்கலாமோ?

வைகாசி முதல் ஆடி வரை, மழையையும் காற்றையும் பொறுத்து முன்பின்னாகும். வீதியோரம் வைத்து விற்பார்கள், அங்கே வாங்குங்கள். பழத்தில் பால் இருக்கிறது, நாலு பழத்திலேயே உதடு ஒட்டும். சாப்பிட முன் உதட்டில் தேங்காயெண்ணெய் பூசினால் ஒட்டாது. காட்டுக்குள் போய்ப் பிடுங்குவது பழகினவர்களின் வேலை. கரடிக்கும் அதே பழம்தான் பிடிக்கும், அதே மாதத்தில்.

மிதிவெடி இன்னும் கிடக்கோ? பயமில்லாமத் திரியலாமோ?

குடியிருப்பு, வீதி, சனம் புழங்கும் கடற்கரை, வயல் எல்லாம் துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டவை, அங்கே பயமில்லை. ஆள் புழங்காத பற்றைக்குள், கைவிட்ட காணிக்குள், பழைய பதுங்குகுழி, மண் அணைப் பக்கம் இறங்காதீர்கள். மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை நின்றால் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. பலகை இல்லாத இடம் எல்லாம் பாதுகாப்பான இடம் என்றும் எடுக்க வேண்டாம். ஒற்றையடிப் பாதை இருந்தால் பாதையிலேயே நடவுங்கள்.

துருப்பிடித்த இரும்பு எதையும் காலால் தட்டாதீர்கள், ஞாபகத்துக்கு என்று எடுக்காதீர்கள். இருக்கும் இடத்தை அடையாளம் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பி, 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். வெள்ளம் வந்த பின் மண் அரித்துப் பழைய வெடிபொருள் வெளியே தெரிவதுண்டு. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: தெரியாத நிலத்தில் நெருப்பு மூட்டிச் சுற்றியிருந்து பாட்டுப் பாடுவது. கீழே புதைந்து கிடப்பது சூடேறினால் வெடிக்கும். நெருப்பு வேண்டுமென்றால் வீட்டு முற்றத்தில், வழக்கமாக எரிக்கும் இடத்தில்.

பாம்பு கடிச்சா முதல் என்ன செய்யிறது?

1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் வேண்டாம். மோதிரம், கொலுசு, இறுக்கமான உடுப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் கொண்டு போங்கள். பாம்பை அடித்துத் தேடி நேரம் போக்காதீர்கள். தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் சரி.

பின்னேரம் புல்லுக்குள் கடிப்பது பெரும்பாலும் கண்ணாடிவிரியன், கடித்த இடம் வலித்து வீங்கும். இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிப்பது கட்டுவிரியன். அது கடித்தது தெரியாமலும் போகலாம். விடிய வயிற்று நோ, கண் மடல் தானாக விழுவது என்று தொடங்கினால் கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் உடனே ஓடுங்கள். நுளம்புவலையின் ஓரத்தைப் பாய்க்கோ மெத்தைக்கோ கீழே சுற்றிவரச் செருகிப் படுத்தால் நுளம்போடு இதையும் தடுக்கலாம். முன்னர் அழுத்திச் சொன்னது இதற்குத்தான்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தா வீடு கிடைக்குமோ? உப்புத்தண்ணியில விளக்கெரியிறது எங்க பாக்கலாம்?

வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமையில் வரும். அந்தக் கிழமை வீடு கிடைப்பது கடினம், வெளியூரிலுள்ள உறவினர்களுக்கே இடம் போதாது. வருவதென்றால் மாதக் கணக்கில் முன்னரே சொல்லிவையுங்கள். முல்லைத்தீவுத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்த நீரிலேயே விளக்கேற்றுவார்கள். ஒரு கிழமை அங்கே எரிந்த பிறகு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். விளக்கைச் சனநெரிசல் இல்லாமல் பார்க்க விரும்பினால் பொங்கல் நாளுக்கு முன் முள்ளியவளைக்குப் போவதுதான் புத்தி.

மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து தங்கித் தங்கிப் போன பத்தாவது பளை இது என்றும், பத்தாப்பளைதான் வற்றாப்பளை ஆனது என்றும் ஊரில் சொல்லுவார்கள். அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் காய்ச்சமாட்டார்கள், உங்கள் அடுப்பிலும் மீனை ஒத்திப்போடுங்கள். ஆண்கள் கோயிலுக்குள் மேலுடுப்பைக் கழற்ற வேண்டும்.

முள்ளிவாய்க்காலுக்குப் போகலாமோ? லீவுக்கு வந்த இடத்தில அது சரியோ?

போகலாம், போவதில் பிழையில்லை. வட்டுவாகல் பாலத்துக்கு அப்பால், நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நிலம் அது. ஆனால் கடல் குளிப்புக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு நிறுத்தமாக அதைப் போடாதீர்கள். தனியாக ஒரு காலையை ஒதுக்குங்கள். நினைவு முற்றத்தில் குழுவாக நின்று சிரித்துப் படமெடுக்க வேண்டாம், மணலில் கிடக்கும் எதையும் எடுக்க வேண்டாம். மே 18ஐ ஒட்டி வந்தால் நினைவேந்தலுக்கு வருகிறவராக வாருங்கள். கஞ்சி தந்தால் வாங்கிக் குடியுங்கள்.

இன்னும் கடினமானது வீட்டிலேயே இருக்கிறது. உங்களுக்குச் சமைக்கிற அக்கா, மீன் கொண்டுவருகிற ஐயா, இவர்களில் 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியிலோ 2009 இறுதிப் போரிலோ யாரையும் இழக்காதவர் அருமை. “அந்த நேரம் நீங்கள் எங்க இருந்தனீங்கள்?” என்று நீங்களாகத் தொடங்காதீர்கள். அவர்களாகச் சொல்லத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல், நேரம் பார்க்காமல் கேளுங்கள். போனில் பதிவு செய்வதென்றால் அனுமதி கேட்டுத்தான்.

கடலுக்க என்ன உடுப்போட இறங்கலாம்? கரையில பியர் குடிக்கலாமோ? ட்ரோன் விடலாமோ?

இது ஊர்ச்சனத்தின் தொழில் செய்யும் கரை. ஆண்கள் அரைக்காற்சட்டை, பெண்கள் ரீசேட்டும் காற்சட்டையும் என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நனைந்த உடுப்போடு கடைக்கும் கோயில் வாசலுக்கும் போகாதீர்கள். குடிப்பதென்றால் வீட்டுக்காரர் சம்மதித்தால் வீட்டுக்குள். கரையில் வேண்டாம், உடைந்த போத்தல் வலையையும் இழுப்பவர் காலையும் வெட்டும். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். முகாம்களையும் சோதனைச்சாவடிகளையும் எந்தக் கருவியாலும் படம் எடுக்காதீர்கள்.

மூண்டு நாளா மழை. பிள்ளையள் வீட்டுக்க அடைஞ்சு கிடக்குதுகள். என்ன செய்யிறது?

தாயம், பல்லாங்குழி இரண்டுக்கும் புளியங்கொட்டையும் ஒரு கரித்துண்டும் போதும். ஒரு பக்கம் உரஞ்சி வெள்ளையாக்கிய புளியங்கொட்டை தாயக் கட்டைக்குச் சரி. ஊரில் ஓலை பின்னத் தெரிந்த ஆச்சி ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒரு மணி நேரத்துக்குக் கூலி பேசி வரச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை பின்னப் பழக்குவார். பனங்குருத்தோலைதான் வேண்டும், முற்றிய ஓலை மடித்த இடத்தில் வெடிக்கும். மழை விட்ட இடைவெளியில் வெளியே விடுவதென்றால் செருப்பை உதறிப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், தேளும் பூரானும் அந்த நாட்களில் காய்ந்த இடம் தேடி வரும்.

போகேக்க குப்பையை என்ன செய்யிறது?

பிளாஸ்ரிக் போத்தலையும் பையையும் வந்த வாகனத்திலேயே திருப்பிக் கொண்டுபோங்கள். கிராமத்தில் குப்பை வண்டி எல்லா இடமும் வராது, எரித்தால் பக்கத்து வீட்டுக்குத்தான் புகை. மீன் செதிலையும் நண்டுக் கோதையும் கிணற்றிலிருந்து தள்ளி, ஒரு முழ ஆழத்தில் வெட்டிப் புதைத்து மேலே ஒரு கல் வையுங்கள், இல்லாவிட்டால் இரவே நாய் கிளறிவிடும். பொச்சை எறியாதீர்கள், அடுப்படியில் குவித்துவிடுங்கள், அடுத்து வருகிறவருக்கு விறகு. வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிடாமல் கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, திறப்பை வீட்டுக்காரரின் கையிலேயே கொடுங்கள்.